கைதி ஏட்டில் "வீட்டுக்குத் தீ வைத்தவள்" என்று இருக்கிறது. இதை எப்படிப் படிப்பது?

ஹோபார்ட் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். பழைய ஆவணங்களைப் படித்துப் பழகியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

நான் 14 ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட்டில் குடியிருக்கிறேன். பிரிட்டிஷ் அரசு ஒரு காலத்தில் தன் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய தீவு இது. கணவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். மகளுக்கு 11 வயது. பள்ளியில் குடும்ப வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என் மாமியாருக்கு 86 வயது. "நம் குடும்பத்தில் கைதியாக வந்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் கட்டணம் கொடுத்துக் கப்பலேறி வந்தவர்கள்" என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை நம்பித்தான் தேட ஆரம்பித்தோம்.

மாமியாருடைய கொள்ளுப்பாட்டி அயர்லாந்தில் பிறந்தவர், நான்கு வயதில் இங்கே வந்தவர் என்று ஒரு பழைய குறிப்பு வீட்டில் இருந்தது. நான்கு வயதுக் குழந்தை தனியாகக் கடல் கடந்திருக்க முடியாதே, கூட வந்தது யார் என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு போனதில் தாய் கிடைத்துவிட்டாள். டாஸ்மேனிய ஆவணக் காப்பகம் கைதிகளின் ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெயரைத் தட்டியதும் திரையில் வந்து நின்றது.

ஒரே ஒரு பக்கம். வயது 24. உயரம் 5 அடி 1 அங்குலம். பண்ணை வேலைக்காரி. கைம்பெண். கப்பலில் உடன் ஒரு குழந்தை. ரோமன் கத்தோலிக்கம். எழுதவும் படிக்கவும் தெரியாது. ஊர் கிளேர் மாவட்டத்தில் கில்ரஷ் பக்கம். 1849இல் எனிஸ் நகரில் விசாரணை, 15 ஆண்டு நாடுகடத்தல். கப்பலின் பெயர் 'ஏர்ல் கிரே', வந்து சேர்ந்தது 1850. குற்றம்: ஒரு வீட்டுக்குத் தீ வைத்தது.

திருட்டு என்றால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. ரொட்டி திருடினார்கள், துணி திருடினார்கள், அதற்கு உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பினார்கள் என்று இங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் தீ? எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் நான்கு குடிசைகள் எரிந்தன. எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு வெண்கலப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தார். வேறு எதையும் அவரால் எடுக்க முடியவில்லை. ஒருத்தி இன்னொருவர் வீட்டுக்குத் தெரிந்தே தீ வைத்தாள் என்றால் என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தண்டனைகள். மூன்று முறை "அனுமதியின்றி வெளியே போனாள்". முதல் முறைக்கு ஒரு மாதக் கடின உழைப்பு, அடுத்ததற்கு 10 நாள் தனிமைச் சிறை, மூன்றாவதற்கு மூன்று மாதக் கடின உழைப்பு. பிறகு கிறுக்கலாகச் சில வரிகள்.

இப்படிப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி 11 வயதுக் குழந்தை என்ன எழுதுவது? 86 வயது மாமியாரிடம் நான் என்ன சொல்வது? ஏட்டைச் சரியாகப் படித்திருக்கிறேனா என்றாவது யாராவது சொல்லுங்கள்.

பழைய ஏடு:

சகோதரி, நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். ஆனால் பாதிதான் படித்திருக்கிறீர்கள்.

ஓய்வுபெற்ற பிறகு ஒன்பது ஆண்டுகளாக இந்த ஏடுகளைப் படியெடுக்கும் தொண்டர்களில் ஒருவனாக இருக்கிறேன். மெல்போர்னில் உட்கார்ந்துகொண்டு டாஸ்மேனியப் பெண் கைதிகளின் ஏடுகளைப் படிப்பதே என் வேலை. முதலில் ஒரு விஷயம் மனத்தில் இருக்கட்டும். இது குற்றங்களை மட்டும் குறிப்பதற்காக வைத்திருந்த ஏடு. மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்ட நாளில்தான் எழுத்தர் பேனாவை எடுப்பார். பாத்திரம் கழுவிய நாள், குழந்தைக்குத் தைத்துக் கொடுத்த நாள், காய்ச்சலில் படுத்த நாள் எதற்கும் இதில் இடம் கிடையாது. மூன்று குற்றம் என்றால் 15 ஆண்டுகளில் மூன்று நாள். நான் 40, 50 குற்றங்கள் உள்ள பக்கங்களைப் படியெடுத்திருக்கிறேன். உங்கள் பாட்டியின் பக்கத்தில் வெற்றிடம்தான் அதிகம்.

1803 முதல் 1853 வரை 12,000க்கும் மேற்பட்ட பெண்களை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது இதன் பெயர் வான் டீமன்ஸ் லேண்ட். ஆஸ்திரேலியா முழுவதையும் சேர்த்தால் பெண்கள் மட்டும் சுமார் 25,000. பழைய கோர்ட்டுத் தமிழில் இதைத் தீவாந்தர சிட்சை என்பார்கள். அந்த வார்த்தையில் கடல் இருக்கிறது. நாடுகடத்தல் என்னும்போது அது தெரிவதில்லை.

உங்கள் பாட்டி வந்த காலத்தில் முறை மாறியிருந்தது. 1840களின் நடுவிலிருந்து பெண்களை இறங்கியதும் நேராக வீட்டு வேலைக்கு ஒப்படைக்காமல் சில மாதங்கள் பழக்கினார்கள். டெர்வென்ட் ஆற்றில் 'ஆன்சன்' என்ற பழைய போர்க்கப்பலை நங்கூரமிட்டு அதையே பழக்கும் இடமாக வைத்திருந்த காலமும் உண்டு. பழகிய பிறகு அவர்கள் 'பாஸ் ஹோல்டர்'. சொற்பச் சம்பளத்துக்கு ஒரு வீட்டில் வேலை. எஜமானியிடம் சொல்லாமல் தெருவில் கால் வைத்தால் "அனுமதியின்றி வெளியே போனாள்". அதற்குத் தண்டனை கேஸ்கேட்ஸ் பெண்கள் தொழிற்சாலையில் சலவைத் தொட்டி அல்லது இருட்டறை. பெயர்தான் தொழிற்சாலை, உண்மையில் அது பெண்கள் சிறை. சாதாரண வேலைக்காரிக்கு அது பெரும்பாலும் எஜமானியின் ஏச்சோடு முடிந்திருக்கும். கைதிக்கு அது குற்றம்.

இப்போது நான் கேட்கும் மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, மேல்பாதியில் குற்றத்தின் பெயருக்குப் பிறகு பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கப்பலிலிருந்து இறங்கியவுடன் ஒவ்வொரு பெண்ணிடமும் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்டு, அவள் சொன்னதைச் சுருக்கி எழுதுவார்கள். அந்தப் பக்கம் முழுவதிலும் அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வரிதான். அதில் என்ன இருக்கிறது? இரண்டு, மூன்று தண்டனைகளின் முழுத் தேதி. மூன்று, அடியில் கிறுக்கலாக இருப்பவை பெரும்பாலும் வேலைக்கு அனுப்பப்பட்ட இடங்கள். ஊர்ப் பெயர்களாவது தெரிகின்றனவா?

கூட வந்த குழந்தையைப் பற்றி அனாதைப் பள்ளிப் பதிவேட்டிலும் தேடுங்கள். நியூ டவுனில் இருந்தது. தாய் உயிரோடு இருந்தாலும் கைதியின் குழந்தை என்றால் அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள்.

ஷானன் நதி:

அக்கா, நான் ஒரு நர்ஸ். கிளேர் மாவட்டத்தில்தான் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கில்ரஷ் எனக்கு ஒரு மணி நேரப் பயணம். நீங்கள் எழுதியதைப் படித்ததும் தூக்கம் வரவில்லை. தீ வைத்தது ஏன் என்று கேட்டீர்கள். அந்த வருடத்தைப் பாருங்கள். 1849.

1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. அடுத்த வருடம் பயிர் முழுவதும் போயிற்று. 1848இல் மேற்குப் பக்கத்தில் மறுபடியும் போயிற்று. இங்கே கூலிக் குடும்பங்களுக்கு உருளைக்கிழங்கைத் தவிர வேறு உணவே கிடையாது. கோதுமையும் ஓட்ஸும் விளைந்தன, ஆனால் அவை குத்தகைக்குப் போகிறவை. 1847இல் கஞ்சித் தொட்டிகள் திறந்தார்கள், சில மாதங்களில் மூடிவிட்டார்கள். அதே வருடம் ஒரு சட்டம் வந்தது: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு உதவி கிடையாது. சோறு வேண்டுமென்றால் நிலத்தை விட வேண்டும். நிலத்தை விட்டால் குடிசை போகும். குத்தகை பாக்கி என்று ஏற்கெனவே ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்த நிலச்சொந்தக்காரர்களுக்கு இது இன்னும் வசதியாகப் போயிற்று. கூரையை இழுத்துப் போட்டு, சுவரை இடித்து, ஆட்கள் திரும்பி வந்து ஒண்டாதபடி செய்தார்கள். கில்ரஷ் வட்டாரத்தில் இப்படி வெளியேற்றப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். ஆர்தர் கென்னடி என்ற அதிகாரி ஊர் ஊராகக் கணக்கெடுத்து மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பின்னாளில் அவர் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கே கவர்னராகப் போனார்.

1849 டிசம்பர் 22ஆம் தேதி 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையில் ஒரு படம் வந்தது. பிரிஜெட் ஓ'டானல் என்ற கிளேர் பெண், கந்தல் உடையில், இரண்டு பக்கமும் இரண்டு குழந்தைகள். காய்ச்சலில் கிடந்தபோதே அவர் வீட்டை இடிக்க வந்தார்கள். வயிற்றிலிருந்த குழந்தை இறந்து பிறந்தது. 13 வயது மகன் பசியில் இறந்தான். பஞ்சத்தைப் பற்றிய புத்தகம் எதைப் புரட்டினாலும் அந்தப் படம் இருக்கும். உங்கள் வீட்டுப் பாட்டி அதே ஊர்ப் பக்கம், அதே வருடம், அதே போலக் குழந்தையோடு. படம் போட ஒருவரும் வரவில்லை, அவ்வளவுதான்.

மீதி இருந்தது ஏழையர் விடுதி, அதாவது வேறு போக்கில்லாதவர்களைச் சேர்த்துவைத்துச் சோறு போட்ட இடம். கில்ரஷ் விடுதியில் இடம் போதாமல் பக்கத்துக் கட்டடங்களையும் எடுத்தார்கள். உள்ளே போனால் ஆண், பெண், குழந்தை எல்லோரையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவார்கள். நெரிசலில் காய்ச்சல் பரவும். நான் வார்டில் வேலை பார்க்கிறவள். ஒரே படுக்கையில் மூன்று பேர், கழிவுக்கு ஒரு வாளி என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சிறையில் விடுதியைவிட நல்ல சாப்பாடு கிடைத்தது. அதனால் வேண்டுமென்றே குற்றம் செய்து சிறைக்குப் போனவர்கள் அந்த ஆண்டுகளில் ஏராளம். அதிலும் பெண்கள் தீ வைத்தார்கள். ஒரு குல்லாயைத் திருடினால் சில வாரச் சிறையோடு விட்டுவிடுவார்கள். தீ வைத்தால் கப்பல் கிட்டத்தட்ட நிச்சயம். ஆள் இல்லாத கொட்டகைக்கோ வைக்கோல் போருக்கோ வைத்துவிட்டுத் தாங்களாகவே போய்ச் சொன்னவர்கள் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கட்டணம் கொடுத்துக் கனடாவுக்குப் போன கப்பல்களில் டைபஸ் காய்ச்சல். 1847இல் ஒரே கோடையில் கியூபெக் பக்கத்து குரோஸ் ஈல் தீவில் மட்டும் 5,000க்கு மேற்பட்டவர்களைப் புதைத்தார்கள். கைதிக் கப்பலில் அரசு நியமித்த மருத்துவர் இருந்தார். தினப்படி ரேஷன் இருந்தது. உயிரோடு கொண்டுவந்து சேர்த்தால்தான் மருத்துவருக்கு வெகுமானம். கட்டணம் கொடுத்தவரைவிடக் கைதிக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்த கடல் அது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த 24 வயதுப் பெண் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்வெட்டு ஆர்வலன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஏர்ல் கிரே என்ற பெயரைப் பார்த்ததும் கேட்கிறேன். 1848 முதல் 1850 வரை அயர்லாந்து விடுதிகளிலிருந்து அனாதைப் பெண்களை ஆஸ்திரேலியாவுக்கு இலவசமாக அனுப்பிய திட்டத்துக்கும் இதே பெயர்தானே? உங்கள் மாமியார் சொல்வது போல அவர் கைதியாக இல்லாமல் அந்தத் திட்டத்தில் வந்தவராக இருக்கலாமே?

பழைய ஏடு:

நல்ல கேள்வி, ஆனால் இங்கே பொருந்தாது. ஏர்ல் கிரே அப்போது காலனிகளுக்கான அமைச்சர். திட்டம் அவர் பெயரில், கப்பலுக்கும் அதே பெயர். குழப்பம் இன்னும் ஒரு படி அதிகம்: அதே கப்பல்தான் 1848இல் அந்தத் திட்டத்தின் முதல் தொகுதிப் பெண்களைச் சிட்னியில் இறக்கியது. 4,000க்கும் மேற்பட்ட அந்தப் பெண்கள் சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு நகரங்களுக்குப் போனார்கள். அவர்கள் மணமாகாத இளம்பெண்கள். கையில் குழந்தையோடு ஒரு கைம்பெண் அதில் வந்திருக்க முடியாது. 1850இல் ஹோபார்ட்டுக்கு வந்த பயணம் கைதிகளின் பயணம். டப்ளினில் கிரேஞ்ச்கார்மன் என்ற பெண்கள் சிறையில் எல்லா மாவட்டத்துப் பெண்களையும் சேர்த்துவைத்து, அங்கிருந்து ஏற்றி அனுப்பினார்கள்.

ஆனால் பல குடும்பங்கள் இந்தக் குழப்பத்தை வேண்டுமென்றே பிடித்துக்கொண்டன. 1853இல் கைதிகளை அனுப்புவது நின்றது. 1856இல் தீவின் பெயரையே டாஸ்மேனியா என்று மாற்றினார்கள், பழைய பெயரின் கறை போகட்டும் என்று. ஊரே பெயரை மாற்றிக்கொண்டபோது ஒரு குடும்பம் கதையை மாற்றிக்கொண்டதற்கு உங்கள் மாமியாரைக் குறை சொல்ல வேண்டாம், சகோதரி.

ஹோபார்ட் மருமகள்:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. ஷானன் நதி, உங்களுக்குத் தனியாக நன்றி, தங்கை.

ஐயா கேட்ட மூன்றையும் பார்த்தேன். பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க ஒரு இரவு பிடித்தது. கணவரும் கூட உட்கார்ந்தார். அந்த வரி இதுதான்: ஒரு வீட்டுக்குத் தீ வைத்தேன், கப்பலேற்றப்படுவதற்காக வைத்தேன், என்னோடு விசாரிக்கப்பட்டவளும் இதே கப்பலில் இருக்கிறாள்.

மேற்கு கிளேரில் அப்போது ஐரிஷ்தான் பேச்சு. அவர் சொன்னதை யார் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்களோ, எழுத்தர் எதை விட்டாரோ. ஆனால் "அதற்காகத்தான் வைத்தேன்" என்பதை விடாமல் எழுதிவைத்திருக்கிறார்.

அடுத்து தேதிகள். 1851 ஜூன் 9. 1851 செப்டம்பர் 8. 1852 பிப்ரவரி 9. என் மகள்தான் கணினியில் பழைய காலண்டரைத் திறந்து பார்த்தாள். மூன்றும் திங்கட்கிழமை. திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள் என்றால் வெளியே போனது ஞாயிறாக இருக்க வேண்டும். அப்போது அவர் வேலை பார்த்தது ஹோபார்ட் நகருக்குள். குழந்தை இருந்தது நியூ டவுன் அனாதைப் பள்ளியில். சுமார் 4 கிலோமீட்டர்.

அனாதைப் பள்ளிப் பதிவேட்டில் குழந்தையின் வரியும் கிடைத்தது. கப்பல் வந்த மாதத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். வயது 4. தாயின் பெயர், கப்பலின் பெயர். கடைசிக் கட்டத்தில் "தாயிடம் ஒப்படைக்கப்பட்டது, 1854" என்று இருக்கிறது.

ஏட்டின் அடியில் இருந்த கிறுக்கல் ஐயா சொன்னது போல ஊர்ப் பெயர்கள்தான். முதல் மூன்றும் ஹோபார்ட். 1852 ஜூனிலிருந்து நியூ டவுன். அந்த இடமாற்றத்துக்குப் பிறகு ஒரு குற்றமும் இல்லை. 1854இல் 'டிக்கெட் ஆஃப் லீவ்', அதாவது தண்டனை முடியும் முன்பே தானாக வேலை தேடி வாழ அனுமதிக்கும் சீட்டு, கொடுத்திருக்கிறார்கள். அதே ஆண்டில் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போனார் என்று எந்த ஏட்டிலும் எழுதவில்லை. நான் ஒரு தாய். எனக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

சனிக்கிழமை மூவரும் முதலில் கேஸ்கேட்ஸ் போனோம். எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட உள்ளே போனதில்லை. உலகப் பாரம்பரிய இடம் என்று 2010இல் யுனெஸ்கோ அறிவித்ததெல்லாம் வாசலில் எழுதியிருக்கிறது. உள்ளே பெரும்பாலும் சுவர்கள்தான். கட்டடங்கள் போய்விட்டன. தனிமைச் சிறை அறைகளின் அளவைத் தரையில் காட்டியிருக்கிறார்கள். மகள் ஒன்றுக்குள் போய் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். மதியம் கொஞ்சம் தாண்டியதுமே வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. பக்கத்தில் ஓடை ஓடுகிறது. மத்தியானத்திலேயே கல் சுவர் ஈரமாக இருந்தது. முன்பு சாராய வடிப்பாலையாக இருந்த இடமாம். 1828இல் பெண்களுக்கான சிறையாக்கினார்கள். குழந்தைகள் இங்கே கூட்டம் கூட்டமாக இறந்திருக்கிறார்கள். அந்த ஈரத்தில் கைக்குழந்தை எப்படிப் பிழைக்கும்? 10 நாள் இங்கே இருட்டறையில் இருந்தவர் வெளியே வந்து ஐந்து மாதத்தில் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போயிருக்கிறார்.

பிறகு நியூ டவுன். செயின்ட் ஜான் தேவாலயம் நடுவில், இரண்டு பக்கமும் பழைய பள்ளிக் கட்டடங்கள். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், பெண் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம். அந்த வழியாக நூறு முறை பஸ்ஸில் போயிருப்பேன்.

காரில் திரும்பும்போது மகளுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் அவள் நிறுத்தி, "அம்மா, காலையில் 'அவள்' என்று சொன்னீர்கள், இப்போது 'அவர்' என்கிறீர்களே, இரண்டும் ஒரே ஆள்தானா?" என்று கேட்டாள். நான் எப்போது மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. என் முதல் பதிவைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். அதில் "தாய் கிடைத்துவிட்டாள்" என்று எழுதியிருக்கிறேன். திருத்தாமல் விட்டுவைக்கிறேன்.

தீ வைத்ததை இன்னமும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று தெரியாமல் எடுத்துக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் மகள் எழுதுவதை நான் தடுக்கப் போவதில்லை. மாமியாரிடம் நாளைக்குச் சொல்கிறோம்.

ஷானன் நதி:

அக்கா, மூன்று திங்கட்கிழமையைப் படித்துவிட்டு வார்டில் அப்படியே நின்றுவிட்டேன். அடுத்த விடுமுறை நாளில் கில்ரஷ் போய் ஷானன் கரையில் நின்று உங்கள் மகளுக்காகப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஹோபார்ட் துறைமுகத்தில் இந்தப் பெண்களுக்கு வெண்கலச் சிலைகள் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 2017இல் அப்போது அயர்லாந்தின் ஜனாதிபதியாக இருந்த மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் வந்து திறந்துவைத்தார். டப்ளின் ஆற்றங்கரையில் பஞ்சத்தில் வாடியவர்களின் சிலைகளைச் செய்த ரோவன் கில்லெஸ்பிதான் அதையும் செய்தார். அங்கே எலும்பும் தோலுமாகத் துறைமுகத்துக்கு நடக்கிறார்கள். உங்கள் ஊரில் கரையில் இறங்கி நடக்கிறார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஹோபார்ட் மருமகள்:

மாமியாரிடம் சொன்னோம். அழுவார், கோபப்படுவார் என்று நினைத்துத் தேநீரெல்லாம் போட்டு வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். ஏட்டின் படத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். எதையும் மறுக்கவில்லை. அந்தப் பொடி எழுத்து வரியில் விரலை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கூட விசாரிக்கப்பட்டவள் என்று இருக்கிறதே, அந்த இன்னொருத்தி என்ன ஆனாள்?"

நாங்கள் யாருமே அதை யோசிக்கவில்லை.

பிறகு அவரே சொன்னார். அவர் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது ஹுவான் பள்ளத்தாக்கிலிருந்து ஆப்பிள் காலத்தில் மூட்டையோடு ஒரு குடும்பம் வருமாம். அவர்கள் வீட்டுக் கிழவி ஒருத்தியை எல்லோரும் 'ஆன்ட்டி' என்று கூப்பிடுவார்களாம். யாருக்கு என்ன உறவு என்று யாருக்கும் தெரியாது, ஆனால் கிறிஸ்துமஸ், சாவு எதற்கும் அவர்கள் இல்லாமல் நடந்ததில்லையாம். அந்தக் கிழவி இறந்த பிறகு வரத்து நின்றுவிட்டது. எந்த வழிச் சொந்தம் என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்களாம்.

ஐயா, அந்த இன்னொரு பெண்ணின் ஏட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரும் கப்பலும் தெரியும், பெயர் தெரியாது. மாமியாருக்கு 86 வயது. சீக்கிரம் தேட வேண்டும்.

பழைய ஏடு:

தேடலாம். அதே கப்பலின் பட்டியலை எடுத்து, எனிஸ் விசாரணை, 1849, தீ வைத்தல் என்ற மூன்றும் ஒத்துப்போகும் பெண்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைத் தேதி உங்கள் பாட்டியின் தேதியாகவே இருக்க வேண்டும். கப்பலில் 200 பேருக்கு மேல் இருந்தாலும் இந்தச் சல்லடையில் இரண்டு மூன்று பேர்தான் நிற்பார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் அந்தப் பொடி எழுத்து வரியைப் படியுங்கள். உங்கள் பாட்டியைப் பற்றி அவரும் ஏதாவது சொல்லியிருப்பார்.

பெயர் கிடைத்ததும் திருமண அனுமதிப் பதிவேட்டுக்குப் போங்கள். கைதி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். மணமகன் பெயரும் தேதியும் அதில் இருக்கும். கணவர் பெயர் தெரிந்தால் ஹுவான் பக்கத்து நிலப் பதிவுகளைப் பார்த்துவிடலாம். ஆப்பிள் கொண்டுவந்த குடும்பத்தின் பெயர் மாமியாருக்கு நினைவிருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள், சகோதரி. கப்பல் பட்டியலை நானும் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் 100 பெயர்கள் எனக்கு, மீதி உங்களுக்கு.